ஆறு கோடை வண்டலும் நான் எழுதிய ஒரு வரியும்

சந்தைக்குப் போகும்போதெல்லாம் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்த என் அண்ணே,

உனக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில்தான் கொடுப்பாய். நான் படித்துச் சொன்னதுதான் உனக்கு வேதவாக்கு. அதில் எதைச் சொன்னேன், எதை விழுங்கினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

நம் மேட்டு நிலம் எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்று சாகும்வரை நீ ஒரு கதையை நம்பிக்கொண்டிருந்தாய். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம், செத்தவர்கள் திருப்பித் திட்ட மாட்டார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நம் நிலம் என்றா சொன்னேன்? இத்தனை வருஷம் கழித்தும் வாயில் அப்படித்தான் வருகிறது. நிலம் ஸ்ரீரங்கத்தில் இருந்தவருடையது. நாம் குத்தகைக்குச் செய்தவர்கள், அதுவும் வாய்ப்பேச்சில். மூன்று ஏக்கர், ஏரிக்கு மேற்கே தண்ணீர் ஏறாத மேடு. முழுக்கச் சிவப்புச் சரளை. ஏர் ஓட்டினால் கொழு கல்லில் உரசுகிற சத்தம்தான் கேட்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அரை நாளில் குடித்துவிட்டு மறுபடியும் வறண்டு கிடக்கும். கம்பு விதைத்தால் முழங்கால் உயரம் வரும், கதிர் கட்டைவிரல் நீளம். நமக்கு முன்னால் இரண்டு பேர் எடுத்துச் செய்து பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

நிலக்காரர் உன்னிடம் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "என்னவோ பண்ணிக்கோப்பா. பெருமாள் கிருபையில ஏதாவது விளைஞ்சா கொடு. இல்லேன்னா நான் வந்து கேக்கப் போறதில்லை." எவ்வளவு பெரிய மனசு என்று நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். விளையாத நிலத்தைக் கொடுக்க எதற்குப் பெரிய மனசு?

சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். சித்திரையில் ஏரி வற்றி, அடிமண் ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. நன்செய்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை வாரி அவரவர் வயலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த நீ திடீரென்று என்னைக் கேட்டாய்.

"ஏன்டா, நன்செய்க்கு எதுக்குடா வண்டல்? வருஷா வருஷம் தண்ணியோட வந்து படியறது பத்தாதா? நம்ம சரளையில கொண்டுபோய்க் கொட்டினா என்ன?"

யாரும் செய்யாத காரியம். புன்செய் மேட்டுக்கு வண்டல் அடிப்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்தது. அடுத்த மழையில் அத்தனையும் ஏரிக்கே திரும்பி வந்துவிடும் என்று கரையில் உட்கார்ந்து கேலி பேசினார்கள். நீ காதில் வாங்கவில்லை. முதலில் நிலத்தைக் குறுக்கே நாலு இடத்தில் வரப்புப் போட்டுத் தடுத்தாய். அதற்கப்புறம்தான் மண்ணுக்குப் போனாய்.

அங்கேதான் நான் வருகிறேன். ஏரி மண் அள்ள அனுமதி வேண்டும், அனுமதியைப் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். குத்தகைக்காரன் ஒரு கூடைகூட எடுக்க முடியாது. நான் அப்போது திருச்சியில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளாக இருந்தேன். மனு எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "என் தம்பி எழுதினா கலெக்டரே கையெழுத்துப் போடுவாரு" என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

நிலக்காரர் பேரில் மனு எழுதி, ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீஸில் கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"குத்தகைக்காரன் எடுத்துப்பான்னு எழுதியிருக்கீங்களே? அப்ப விசாரிக்கணும். ஆள் அனுப்பணும். ஆடி வந்துடும்."

"வேற எப்படிங்க எழுதறது?"

"சொந்தச் சாகுபடின்னு போட்டுட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிடும். உங்களுக்கு மண்ணு வேணுமா, விசாரணை வேணுமா?"

மண்தான் வேண்டும். நீ வண்டிக்குத் தட்டி கட்டி வைத்துவிட்டாய், மாடு வாங்கி நிறுத்திவிட்டாய். அன்றைக்கே வேறு காகிதம் எடுத்து எழுதினேன். "மேற்படி நிலத்தை நான் எனது சொந்தச் சாகுபடியில் வைத்து, ஆள் வைத்துப் பயிர் செய்து வருகிறேன்." சொந்தச் சாகுபடி என்பது குமாஸ்தா சொன்னது. 'ஆள் வைத்து' என்பதை யாரும் சொல்லவில்லை அண்ணே. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன். ஸ்ரீரங்கத்துக்காரர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனுமதி ஒரு கோடைக்குத்தான், அதனால் வருஷா வருஷம் அதே வரியோடு புது மனு எழுதினேன்.

அந்த வாரக் கடைசியிலிருந்து ஆறு கோடை நீ ஏரிக்குள்தான் இருந்தாய். விடிகிறபோது மண்வெட்டியோடு இறங்குவாய். அண்ணி கூடை எடுப்பார்கள், நீ வெட்டிப் போடுவாய். மதகுப் பக்கத்து வண்டல்தான் நல்லது, அதை நன்செய்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீ நடு ஏரியில் தேடினாய். மேலே ஒரு முழம் கறுப்பு, அதற்குக் கீழே போனால் வெளுத்த உவர் மண். உவர் ஒரு கூடை கலந்தாலும் நிலம் கெட்டுவிடும் என்று, நிறம் மாறுகிற இடத்தில் அண்ணியை நிறுத்திக் காட்டிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு உன்னைவிட அண்ணிதான் கெட்டி. "போதுங்க, வெளுப்பு தெரியுது" என்று அவர்கள் சொன்னால் நீ மறுபேச்சில்லாமல் அடுத்த குழிக்கு நகர்வாய்.

முதல் வருஷம் அவசரப்பட்டுவிட்டாய். கிழக்கு மூலையில் கனமாகக் கொட்டி, மழைக்கு முன்பே பரப்பி, அதன்மேல் கடலை போட்டாய். ஈரம் காய்ந்ததும் மண் இறுகிப் பாளமாக வெடித்தது. கடலையைப் பிடுங்கினால் செடிதான் கையோடு வந்தது, காய் உள்ளேயே நின்றுவிட்டது. ஊர் இன்னொரு தடவை சிரித்தது. அடுத்த வருஷம் குப்பல் குப்பலாகக் கொட்டி அப்படியே விட்டாய். முதல் மழையில் நனைந்து, வெயிலில் உதிர்ந்து பொலபொலவென்று ஆன பிறகு மெல்லிசாக இறைத்து, மூன்று உழவு ஓட்டிச் சரளையோடு கலந்தாய். எவனும் உனக்குச் சொல்லித் தரவில்லை.

நாலாம் வருஷம் நான் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் அமுக்கினாய். உருண்டையாக நின்றது. பக்கத்துக் கொல்லைகளில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

"பாத்தியாடா, நின்னுடுச்சு" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்த்ததில்லை.

ஐந்தாம் வருஷம் மிளகாய் போட்டாய். செடி கொள்ளாமல் காய்த்தது. எந்த நன்செய்க்காரன் கேலி பேசினானோ அவனே வரப்பில் நின்று மூக்கின்மேல் விரல் வைத்தான். அந்த வருஷம்தான் ஸ்ரீரங்கத்துக்காரர் வாடகை வண்டி பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நடந்தார். "பேஷ், பேஷ். பூமாதேவி கண் திறந்துட்டா" என்றார். நீ கைகட்டிக்கொண்டு நின்றாய். திறந்தது பூமாதேவி இல்லை, நானும் என் பொண்டாட்டியும்தான் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும். நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

இனிமேல் நான் சொல்லப் போவதை நீ கவனித்துக் கேட்க வேண்டும்.

ஆறாம் வருஷ மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது, பயிர் செய்கிற குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பேப்பரில் படித்தேன். எங்கள் பத்திர எழுத்தர் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். குத்தகைக்காரன் என்று காட்டிக்கொள்ள ஒரு காகிதம் இருந்தால் போதும், ராஜா மாதிரி இருக்கலாம் என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். போகும்போதே தோன்றியது, இந்தத் தடவை அந்த வரியை மாற்றி எழுதினால் என்ன?

நிலக்காரர் என்னை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். காபி வந்தது. போன வருஷ மனுவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

"உன் கையெழுத்து இருக்கே, அச்சுக் கோத்தாப்ல இருக்கு. இதையே அப்படியே எழுதிடேன், எதுக்கு மாத்தணும்?"

ஐந்து வருஷமாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு ஏன் நகலை எடுத்து வைத்திருந்தார்? இது ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. ஆனால் வாயில் காபி, காதில் அச்சுக் கோத்தாப்ல. மாற்றி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ, உனக்கு அந்தக் கோடை மண் இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு சாக்கும் கையில் இருந்தது. அப்படியே எழுதினேன். சொந்தச் சாகுபடி. ஆள் வைத்து. நீ வழக்கம்போல வண்டி கட்டினாய்.

வண்டல் முழுவதும் இறைத்து முடித்த பிறகுதான் அவர் சொல்லி அனுப்பினார், இனி நிலத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக. ஆறு வருஷம் உழைத்ததற்கு ஒரு வேட்டியும் அண்ணிக்கு ஒரு சேலையும் வந்தன. நீ அதைத் தொடவில்லை. சட்டம் இருக்கிறது என்று நான்தான் உன்னைக் கிளப்பினேன். விசாரணைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உன்னைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"குத்தகைச் சீட்டு ஏதாவது இருக்காப்பா?"

"இல்லீங்க. நாந்தாங்க உழுதேன். நாந்தாங்க வண்டல் அடிச்சேன். நிலத்தை வந்து பாருங்க, தெரியும்."

"நிலம் வந்து சாட்சி சொல்லாதுப்பா."

அப்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆறு மனுக்களையும் வரிசையாக மேஜைமேல் வைத்தார். வருஷத்துக்கு ஒன்று, எல்லாவற்றிலும் தாலுகா ஆபீஸ் முத்திரை. அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். "ஆள் வைத்துப் பயிர் செய்து வருகிறேன்னு ஆறு வருஷமா எழுதிக் கொடுத்திருக்காரே? அப்ப நீ இவரோட ஆளா?" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "அதுல என்னடா எழுதியிருக்கு?"

நான் சொன்னேன்: "அவங்க என்னமோ இட்டுக்கட்டி எழுதி வச்சிருக்காங்கண்ணே."

அவ்வளவுதான். நான் எழுந்து, ஐயா, அது என் கையெழுத்து, அனுமதி சீக்கிரம் கிடைக்க நான் எழுதியது, நிலத்தைப் பயிர் செய்தது என் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். நாலு அடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். பொய் மனு எழுதியவன் என்று பேர் வந்தால் பத்திர எழுத்தர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். என் வேலைக்காக உன் நிலத்தைக் கொடுத்தேன். நிலக்காரரும் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை, எதற்குக் காட்டிக்கொடுக்கப் போகிறார்? அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வழக்கு தள்ளுபடியாகி வெளியே வந்ததும் நீ ஒன்றுதான் கேட்டாய். "நிலத்தை எடுத்துக்கட்டும்டா. நான் போட்ட மண்ணு? அது ஏரி மண்ணுதானே, அவருக்கு எப்படிச் சொந்தமாகும்?"

அதற்கப்புறம் நீ திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்க வந்தாய். தென்னூரில் என் வீட்டில் தங்கச் சொன்னேன், மறுத்துவிட்டாய். மண் சுமந்த முதுகுக்கு மூட்டை ஒன்றும் பெரிசில்லை என்று சிரித்தாய். இரண்டே வருஷத்தில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். அங்கேயும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்ததாலதான்டா அன்னிக்கு ஆபீஸ்ல தலை நிமிர்ந்து நின்னேன்" என்றாய். ஏன் அண்ணே அப்படிச் சொன்னாய்? ஒரு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சேதி சொல்கிறேன், கேள். நான் பத்திர வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது. எந்த வேலைக்காக வாயை மூடிக்கொண்டேனோ, அந்த வேலையில் உன் காரியம் முடிந்த பிறகு ஒரு வருஷம்கூட என்னால் உட்கார முடியவில்லை. 'மேற்படி' என்று எழுதினாலே கை நின்றுவிடும். இப்போது அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். குடித்தனம் அதே தென்னூர்தான்.

நிலம் கைமாறிவிட்டது. ஸ்ரீரங்கத்துக்காரர் காலமாகிவிட்டார், வாங்கியவர் கிணறு வெட்டி மோட்டார் போட்டு வெங்காயம் போடுகிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது டீக்கடையில் ஒரு வாலிபன் எனக்கே சொல்கிறான்: "அந்தக் கொல்லை மண்ணு ராசிங்க. அது பரம்பரையாவே கரிசலுங்க, சுத்தி இருக்கறதுதான் சரளை." பரம்பரையாகவாம்! சிரித்தவர்களும் செத்துவிட்டார்கள், பார்த்தவர்களும் மறந்துவிட்டார்கள். உன்னைச் சரளையோடு சரளையாகக் கலந்துவிட்டார்கள். நிலத்தை வாங்கியவர் போடுவதெல்லாம் கடை உரம். ஏரியில் வண்டல் அள்ள ஒருத்தனும் இறங்குவதில்லை.

அண்ணி நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னால் அது இன்னொரு பொய். மகள் வீட்டில் இருக்கிறார்கள், இடுப்பு நிமிரவில்லை. மாதம் ஒருதடவை போய்ப் பார்க்கிறேன். ரேஷன் அரிசிதான், ஆனாலும் எனக்கென்று தனியாகக் குழம்பு வைத்துத் தட்டில் போடுகிறார்கள். போடும்போதெல்லாம் ஒரே பேச்சு.

"உங்க அண்ணன் அந்த மண்ணுலேயே உசிர வச்சிருந்தாரு தம்பி. அந்தப் பொய்க் காகிதத்தை எழுதினவன் கை அழுகிப் போகணும். நான் கும்பிடாத சாமி இல்லை, இது ஒண்ணுதான் கேக்கறேன். நீங்க சாப்பிடுங்க."

நான் அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிடுகிறேன் அண்ணே. இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறார்கள், போடுங்க என்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அண்ணி தட்டு எடுத்து வைப்பதற்கு முன்னால், எதிரில் உட்கார்ந்து, எழுதினவன் நான்தான் என்று சொல்வேன். 'ஆள் வைத்து' என்று நானாகச் சேர்த்ததையும் சொல்வேன். உன் மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வேன். அதற்குப் பிறகு அண்ணி என் முகத்தில் விழிக்காமலே போனாலும், அவர்கள் கேட்டுக்கொண்ட சாமியின் காதில் என் பேர் விழுந்துவிடும். மன்னித்துச் சோறு போட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் நிலத்தைத் தொலைத்த,
உன் கூடப்பிறந்த தம்பி